வழக்கு வருவதற்குள் அழித்த பெட்டி: ஹைனர் ஆவணங்களின் கதை

1990 மார்ச் 23, வெள்ளிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனில், ஒரு விசாரணையில் திரட்டிய ஆவணங்கள் மொத்தமும் அழிக்கப்பட்டன. கைப்பட எழுதிய குறிப்புகள், சாட்சிகள் பேசிய ஒலிநாடாக்கள், கணினி வட்டுகள் என்று எதுவும் மிஞ்சவில்லை.

இருட்டில் யாருக்கும் தெரியாமல் நடந்த வேலை இல்லை இது. அரசின் சட்ட அலுவலகம் கொடுத்த கருத்துரை கோப்பில் இருந்தது. மாநில ஆவணக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இருந்தது. அமைச்சரவைத் தீர்மானமும் இருந்தது. கூடவே இன்னொரு கடிதமும் இருந்தது. அந்த ஆவணங்களைத் தான் பார்க்க வேண்டும், காட்டாவிட்டால் நீதிமன்றம் போவேன் என்று ஓர் அரசு ஊழியர் தம் வழக்கறிஞர் மூலம் அனுப்பிய கடிதம் அது.

அந்தக் கடிதம் அரசின் கையில் இருக்கும்போதே மற்ற மூன்று கையெழுத்துகளும் எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். பதிவறையில் பல ஆண்டு வேலை பார்த்தவன் நான். அழிப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடும் எவரும் இந்த வழக்கை ஒருமுறையாவது தேதி வாரியாகப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

பின்னணி

1989 குயின்ஸ்லாந்துக்குக் கொந்தளிப்பான ஆண்டு. காவல் துறையிலும் அரசியலிலும் ஊறியிருந்த ஊழலை ஃபிட்ஸ்ஜெரால்ட் விசாரணை ஆணையம் அம்பலப்படுத்தி, ஜூலையில் அறிக்கை கொடுத்தது. டிசம்பர் 2 தேர்தலில் வேய்ன் காஸ் தலைமையிலான தொழிற்கட்சி வென்றது. 32 ஆண்டுகளாக அந்தக் கட்சி அங்கே ஆட்சிக்கு வெளியே இருந்தது. இனி ஒளிவுமறைவு இருக்காது என்பதே அதன் வாக்குறுதி. காஸும் அடிப்படையில் ஒரு வழக்கறிஞர்.

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, பழைய அரசின் கடைசி நாட்களில், ஒரு சிறிய விசாரணை தொடங்கியிருந்தது. பிரிஸ்பேனின் புறநகரான வகோலில் ஜான் ஆக்ஸ்லி சிறார் காவல் மையம் இருந்தது. நம்மூர்க் கூர்நோக்கு இல்லம் போன்றது, ஆனால் பாதுகாப்பு இன்னும் கடுமை. மையத்தின் மேலாளர் மீது ஊழியர்கள் சிலர் தங்கள் சங்கம் வழியாகப் புகார் கொடுத்திருந்தார்கள். நிர்வாக முறை, ஊழியரை நடத்தும் விதம், சிறார்களைக் கையாளும் விதம் எல்லாம் அந்தப் புகார்களில் அடக்கம். அங்கே பிள்ளைகளுக்குக் கைவிலங்கிட்டு, அசையாத பொருள்களோடு பிணைத்து வைத்த சம்பவம் அப்போதே பேச்சில் அடிபட்டது. புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நடுவர் (மாஜிஸ்திரேட்) நோயல் ஹைனரை 1989 நவம்பரில், மையத்தை நடத்திய குடும்பச் சேவைத் துறை நியமித்தது.

ஹைனர் ஊழியர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார், பதிவு செய்தார். மேலாளருக்கோ தம்மீது என்ன குற்றச்சாட்டு என்பதே எழுத்தில் தரப்படவில்லை. அவர் கேள்வி எழுப்பத் தொடங்கினார். எந்த அதிகாரத்தில் இந்த விசாரணை நடக்கிறது என்று கேட்டார். 1990 ஜனவரியில் ஹைனருக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. விசாரணை ஆணையச் சட்டத்தின்கீழ் தம்மை நியமித்திருக்கிறார்களா, இல்லையென்றால் யாராவது அவதூறு வழக்குப் போட்டால் தமக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு என்ன என்று துறைக்கு எழுதினார். திரட்டியவற்றையும் ஒப்படைத்துவிட்டார். புதிய அரசுக்கும் துறையின் புதிய பொறுப்புத் தலைவருக்கும் இது முந்தைய ஆட்சி விட்டுப்போன தலைவலி. அவர்கள் அரசின் சட்ட அலுவலகத்திடம் கருத்துக் கேட்டார்கள்.

ஜனவரி 23

குயின்ஸ்லாந்து அரசின் சட்ட அலுவலகத்துக்கு கிரௌன் லா என்று பெயர். அதன் தலைமை அதிகாரி கிரௌன் சொலிசிட்டர். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் கென் ஓ'ஷே. அவர் 1990 ஜனவரி 23 அன்று கொடுத்த கருத்துரைதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

கருத்துரையின் சாரம் இது. ஹைனரின் நியமனம் செல்லும், ஆனால் விசாரணை ஆணையச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. ஆகவே விசாரணையை நிறுத்திவிடுவது நல்லது. நிறுத்திய பிறகு அந்த ஆவணங்களால் பயன் இல்லை, அவற்றை அழிக்கச் சட்டத் தடையும் இல்லை. இதோடு ஒரு நிபந்தனை: இந்த ஆவணங்கள் சம்பந்தமாக வழக்கு எதுவும் தொடரப்படவில்லை என்ற அடிப்படையில்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த நிபந்தனை வாக்கியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த நாளில் அது நியாயமான வாக்கியம்தான். வழக்கறிஞர்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள். தங்களுக்குத் தெரிந்த நிலவரத்தைச் சொல்லி, அதன்மேல் கருத்தைக் கட்டுவார்கள். சிக்கல் அந்த வாக்கியம் எதை அளவுகோலாக வைத்தது என்பதில் இருக்கிறது. "வழக்குத் தொடரப்படவில்லை" என்று அது சொன்னது. "வழக்கு வரக்கூடும் என்று யாரும் தெரிவிக்கவில்லை" என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள்தான் அந்தப் பெட்டி முழுவதும் போய் விழுந்தது.

இன்னொன்றும் உண்டு, இது அனுபவத்தில் சொல்வது. சட்டக் கருத்துரை அலுவலகம் விட்டு அலுவலகம் போகும்போது முடிவு மட்டும் போகும், நிபந்தனை பின்தங்கிவிடும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கருத்துரையின் கடைசிப் பத்தியை மட்டும் அடுத்த கோப்பின் குறிப்பில் எடுத்து எழுதுவார்கள். "அழிக்கலாம் எனச் சட்டப் பிரிவு தெரிவித்துள்ளது" என்று ஒரே வரி. அதன்மேல் பிரிவு எழுத்தர் முதல் மேலே வரை ஐந்து கையெழுத்து விழும். மூலக் கருத்துரையைப் புரட்டிப் பார்த்தவர் அந்த ஐவரில் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

பிப்ரவரி: ஆவணம் கேட்டு வந்த கடிதங்கள்

மேலாளருக்குச் சட்டம் ஓர் உரிமையைக் கொடுத்திருந்தது. குயின்ஸ்லாந்து அரசுப் பணி விதிகளில் 65ஆம் விதி, ஓர் ஊழியர் தம்மைப் பற்றித் துறை வைத்திருக்கும் கோப்பைப் பார்க்கலாம் என்றது. பிப்ரவரியில் அவருடைய வழக்கறிஞர்கள் அந்த விதியைக் காட்டி, புகார்களையும் ஹைனர் பதிவு செய்த சாட்சியங்களையும் கேட்டார்கள். அதே மாத நடுவில், தராவிட்டால் நீதிமன்றம் போவோம் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மேலாளர் இருந்த சங்கம் புகார் கொடுத்த ஊழியர்களின் சங்கம் இல்லை, வேறு; அதன் அமைப்பாளர் கெவின் லிண்டபெர்க்கும் இந்த விவகாரத்தில் தலையிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

இதற்குள் ஆவணங்கள் துறையிலிருந்து அமைச்சரவை அலுவலகத்துக்குக் கைமாறிவிட்டன. அமைச்சரவைக் காகிதங்களுக்கு நீதிமன்றத்தில் ஒரு சிறப்புரிமை உண்டு, அவற்றை வெளியே கொடுக்க வேண்டியதில்லை. ஹைனர் ஆவணங்களுக்கும் அந்தப் போர்வை கிடைக்குமா என்ற கேள்வி எழுந்தது.

பிப்ரவரி 16 அன்று கிரௌன் சொலிசிட்டர் இரண்டாவது கருத்துரை கொடுத்தார். இதைப் படிக்கும்போது அந்த அலுவலகத்தின் மீது எனக்கு மரியாதையும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. அமைச்சரவையின் பரிசீலனைக்கென்று தயாரித்த காகிதங்கள் இல்லை இவை. ஆகவே வழக்கு என்று வந்தால் சிறப்புரிமை கோரி இவற்றைக் காப்பாற்ற முடியாது. நேர்மையான பதில் அது. இவை பெரும்பாலும் 1988ஆம் ஆண்டின் நூலகங்கள் மற்றும் ஆவணக் காப்பகங்கள் சட்டப்படி பொது ஆவணங்கள் என்றும், அழிப்பதானால் மாநில ஆவணக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்றும் அந்த ஆலோசனை போனது. அதுவும் சரியே.

ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கு வந்தால் ஆவணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது தெரிகிறது. வழக்கு வரப்போகிறது என்பதும் தெரிகிறது. இந்த இடத்தில் ஒரு சட்ட அலுவலகம் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம்: "ஜனவரி 23 கருத்துரையின் அடிப்படை மாறிவிட்டது. கோரிக்கை தீரும்வரை எதையும் அழிக்க வேண்டாம்." அந்த வாக்கியம் எழுதப்படவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். கேட்காத கேள்வி கேட்காமலே போயிற்று.

ஒரே நாளில் வந்த அனுமதி

பிப்ரவரி 23, வெள்ளிக்கிழமை. அமைச்சரவைச் செயலரிடமிருந்து மாநில ஆவணக் காப்பாளருக்கு ஒரு ஃபேக்ஸ் போகிறது. இந்த ஆவணங்கள் இனித் தேவையில்லை, பொதுப் பதிவுக்கும் பொருத்தமில்லை என்பது அரசின் கருத்து, அழிக்க அவசரமாக அனுமதி தேவை என்று அதில் இருந்தது. ஆவணங்களைக் கேட்டு வழக்கறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள், வழக்குப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்ற தகவல் அதில் இல்லை.

அன்றே அனுமதி வந்துவிட்டது.

ஒலிநாடாக்களும் வட்டுகளும் குறிப்புகளும் கொண்ட ஒரு விசாரணைத் தொகுப்பை ஒரு நாளில் எப்படி மதிப்பிட முடியும்? வரலாற்று மதிப்பு உண்டா என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்டால் முடியும். நூறு ஆண்டு கழித்து ஆராய்ச்சியாளர் யாராவது இதைத் தேடுவாரா என்று கேட்டு, இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டால் வேலை முடிந்தது. யாருடைய உரிமைக்காவது இன்று இந்த ஆவணம் சான்றாகத் தேவைப்படுமா என்று கேட்டிருந்தால் ஒரு நாள் போதாது. அந்தக் கேள்விக்குப் பதில் ஆவணத்துக்குள் இருக்காது. அதை அனுப்பிய அலுவலகத்தின் கடிதப் போக்குவரத்தில்தான் இருக்கும்.

ஆவணக் காப்பாளரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாநிலத்தின் மிக உயர்ந்த அலுவலகத்திலிருந்து அவசரம் என்று ஒரு கடிதம் வருகிறது, சட்ட ஆலோசனையும் கேட்டாயிற்று என்று தெரிகிறது. அந்த நிலையில் "இந்த ஆவணங்களை யாராவது கேட்டிருக்கிறார்களா?" என்று திருப்பி எழுத ஒரு துணிவு வேண்டும். ஆனால் சட்டம் அந்தப் பதவியை உண்டாக்கியதே அந்தத் துணிவுக்காகத்தான். அரசு தன் ஆவணத்தைத் தானே அழித்துவிடக் கூடாது என்றுதான் இடையில் ஒரு தனி அதிகாரியின் கையெழுத்தைச் சட்டம் கேட்டது.

மார்ச் 5 முதல் மே வரை

மார்ச் 5, திங்கள்கிழமை அமைச்சரவை கூடியது. அதன் முன் வைக்கப்பட்ட குறிப்பு உண்மையை மறைக்கவில்லை. மையத்தின் ஊழியர் சிலர் சார்பில் ஒரு வழக்கறிஞர் இந்த ஆவணங்களைக் கேட்டிருக்கிறார் என்று சொன்னது. அதற்கு அடுத்தே, ஆயினும் முறையான வழக்கு எதுவும் இதுவரை தொடரப்படவில்லை என்றும் சொன்னது. ஜனவரி 23 கருத்துரையின் நிபந்தனை இங்கே மறுபடி தலைகாட்டுகிறது. கருத்துரை கொடுத்த நாளில் அது எச்சரிக்கையாக இருந்தது. ஆறு வாரம் கழித்து அதே வாசகம் அவகாசமாக மாறிவிட்டது: இன்னும் வழக்கு வரவில்லை, ஆகவே இப்போதே செய்துவிடலாம்.

அழிப்பதற்கு அரசு சொன்ன காரணம், சாட்சி சொன்ன ஊழியர்களும் ஹைனரும் அவதூறு வழக்குகளுக்கு ஆளாகிவிடக் கூடாது என்பது. இதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். ரகசியம் காக்கப்படும் என்று நம்பிப் பேசிய ஊழியர்களின் அச்சம் உண்மையானது. அவர்களைப் பாதுகாக்க வேறு வழி இருந்தது. வழக்கு வந்தால் செலவையும் இழப்பையும் அரசே ஏற்கும் என்று ஹைனருக்கு உறுதி கொடுப்பது அப்போதே பேச்சில் இருந்தது. ஆவணங்களை முத்திரையிட்டு நீதிமன்றத்தின் பார்வைக்கு வைத்து, எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று நீதிபதியையே முடிவு செய்யச் சொல்லியிருக்கலாம். ஒருவர் வழக்குப் போட்டுவிடுவாரோ என்று அஞ்சி அவருடைய சான்றை அழிப்பது பாதுகாப்பு ஆகாது. வழக்கின் முடிவை அரசே முன்கூட்டி எழுதிக்கொள்வதற்குச் சமம் அது.

அமைச்சரவை அழிக்கத் தீர்மானித்தது. மார்ச் 23 அன்று வேலை முடிந்தது. தீர்மானத்துக்குப் பிறகும் மேலாளரின் வழக்கறிஞர்களுக்கு முடிவு சொல்லப்படவில்லை; சட்ட ஆலோசனைக்குக் காத்திருக்கிறோம் என்ற வகையில்தான் துறை பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆவணங்கள் போய்விட்டன என்பது மே மாதத்தில்தான் மேலாளர் தரப்புக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது. ஊழியர்களின் சங்கம் முதலில் கொடுத்த புகார்க் கடிதங்கள் துறையில் எஞ்சியிருந்தன. மே மாதமே மூலங்கள் அந்தச் சங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன, துறை வைத்திருந்த நகல்கள் அழிக்கப்பட்டன. அதே ஆண்டு லிண்டபெர்க்கை அவருடைய சங்கம் வேலையிலிருந்து நீக்கியது. 1991இல் மேலாளருக்கு 27,190 ஆஸ்திரேலிய டாலர் கொடுக்கப்பட்டு, வாய்திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் பணியிலிருந்து போனார்.

ஒரு சொல்லின் மேல் நடந்த சண்டை

லிண்டபெர்க் விடவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் தட்டாத கதவில்லை. அரசு ஊழலை விசாரிக்கும் குயின்ஸ்லாந்தின் குற்றநீதி ஆணையம், ஆஸ்திரேலிய செனட்டின் குழு, மாநில அரசு அமர்த்திய இரண்டு பாரிஸ்டர்கள், நாடாளுமன்றக் கீழவையின் குழு என்று விவகாரம் மேசை மாறிக்கொண்டே போனது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னது. 1995இல் செனட் குழு, அமைச்சரவையின் முடிவை மோசமான கணிப்பு என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. 1996இல் அந்த இரண்டு பாரிஸ்டர்கள் குற்றவியல் சட்டம் மீறப்பட்டதாகக் கருத இடமுண்டு என்றார்கள். 2004இல் கீழவைக் குழு, வழக்குத் தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது.

கருத்து வேறுபாடு முழுவதும் குயின்ஸ்லாந்து குற்றவியல் சட்டத்தின் 129ஆம் பிரிவைச் சுற்றியது. நீதிமன்ற நடவடிக்கையில் சான்றாகத் தேவைப்படுகிற அல்லது தேவைப்படக்கூடிய ஆவணம் என்று தெரிந்தே, அது சான்றாகப் பயன்படுவதைத் தடுக்கும் நோக்கத்தோடு அழிப்பவர் குற்றவாளி என்கிறது அந்தப் பிரிவு. குற்றநீதி ஆணையத்தின் வாதம், அழிக்கும் நாளில் வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பது. மார்ச் 23 அன்று வழக்கு எண் எதுவும் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. எதிர்த்தரப்போ "தேவைப்படக்கூடிய" என்ற சொல்லைக் காட்டியது. வழக்கு நடந்துகொண்டிருந்தால்தான் குற்றம் என்றால் அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஒரு தேவாலயப் போதகர், 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் நாட்குறிப்பைத் துண்டாக்கிய வழக்கு. தன்னைச் சீரழித்தவனைப் பற்றி அவள் அதில் எழுதியிருந்தாள். அழித்த நாளில் எந்த வழக்கும் இல்லை. ஆண்டுகள் பல கழித்துத்தான் அவன்மேல் வழக்கு வந்தது. 2004இல் ஜூரி போதகரைக் குற்றவாளி என்றது. குயின்ஸ்லாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு அதை உறுதி செய்தது. வருங்காலத்தில் வரக்கூடிய ஒரு வழக்கில் அது சான்றாகத் தேவைப்படலாம் என்று அவர் நம்பியிருந்தால் போதும், வழக்கு அப்போதே நடந்துகொண்டிருக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம்.

ஆக, 1990இல் அமைச்சர்களைக் காப்பாற்றிய வாசிப்பு 2004இல் ஒரு போதகரைக் காப்பாற்றவில்லை. இரண்டு வழக்குகளும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனவா என்று ஆஸ்திரேலியர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஹைனர் ஆவணங்களை அழித்ததற்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

சட்ட அலுவலகத்தின் பங்கு

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பதிவறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அழிப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். அரசுச் சட்ட அலுவலகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் கருத்துரைக் கோப்புகள், வழக்குக் கட்டுகள், ஒப்பந்த வரைவுகள், நகலின் நகல்கள் மூட்டை மூட்டையாக வந்து சேரும். எதை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று சொல்லும் வைப்புக்கால அட்டவணைப்படி கழிக்காவிட்டால், தேவையான கட்டைத் தேடி எடுக்கவே முடியாமல் போகும். அட்டவணைப்படி, பட்டியலிட்டு, வழக்கமான காலத்தில் அழித்ததை எந்த நீதிமன்றமும் லேசில் சந்தேகிக்காது. ஹைனர் பெட்டி எந்த அட்டவணைப்படியும் அழிக்கப்படவில்லை. விசாரணை நின்று சில வாரங்களில், கேட்டவர் காத்திருக்கும்போது, அதற்கென்றே பெற்ற தனி அனுமதியில் போனது. அழிப்பின் வேகமே ஒரு சான்று என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் உணர வேண்டும்.

சட்ட அலுவலகத்துக்கு இங்கே இரட்டைப் பொறுப்பு. துறை அதன் கட்சிக்காரர், கட்சிக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்வது தொழில். ஆனால் அரசு என்ற கட்சிக்காரர் தனியார் மாதிரி இல்லை. எதிரே நிற்பவரும் அதே அரசின் ஊழியர், அதே அரசின் குடிமகன், அவருக்கு விதி 65 கொடுத்த உரிமையும் அரசே இயற்றியது. கேட்டவருக்குச் சாதகமான குறுகிய பதிலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சுகம் அரசு வழக்கறிஞருக்குக் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். "அழிக்கலாமா?" என்று கோப்பு வந்தால், "யாராவது கேட்டிருக்கிறார்களா, எப்போது, எதற்கு?" என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கேள்வியும் பதிலும் அழிப்பு அனுமதியோடு சேர்ந்தே நிரந்தரமாக இருக்க வேண்டும். கருத்துரைக்குத் தேதி இருப்பதுபோல அதன் ஆயுளும் குறிக்கப்பட வேண்டும்: இன்ன தகவல் மாறினால் இது செல்லாது, திரும்பக் கேளுங்கள் என்று.

ஹைனர் விவகாரத்தில் ஒரு விசித்திரம், பெட்டி போய்விட்டது, பெட்டியை அழித்த காகிதங்கள் பிழைத்துவிட்டன. இரண்டு கருத்துரைகளும், அந்த ஃபேக்ஸும், அமைச்சரவைக் குறிப்பும் இருந்ததால்தான் நாள்வாரியாக இவ்வளவு தெரிகிறது. தன் ஆலோசனைக் கோப்புகளைச் சட்ட அலுவலகம் ஒழுங்காக வைத்திருந்தது என்பதை இங்கே பதிவு செய்வது நியாயம்.

காப்பாளர்களுக்குள் எழுந்த விவாதம்

ஆவணக் காப்பாளரின் வேலை வரலாற்று மதிப்பைப் பார்ப்பது மட்டுமே என்று குற்றநீதி ஆணையம் செனட் குழுவிடம் வாதிட்டது. அந்த ஃபேக்ஸில் வழக்கறிஞரின் கோரிக்கையைச் சொல்லாமல் விட்டதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதுதான் இதன் உட்பொருள். ஆஸ்திரேலிய ஆவணக் காப்பாளர் சங்கம் இதை ஏற்கவில்லை. ஆவணம் என்பது அருங்காட்சியகப் பொருள் மட்டுமில்லை, அரசு தான் செய்ததற்குப் பதில் சொல்ல உதவும் சான்று. அந்தக் கோணத்திலும் மதிப்பிடுவதே காப்பாளரின் கடமை என்று அறிக்கைகள் வெளியிட்டது. பல நாடுகளின் ஆவணவியல் வகுப்புகளுக்கு இந்த வழக்கு போய்ச் சேர்ந்தது அப்படித்தான். ஆவண மேலாண்மைக்கு 1996இல் ஆஸ்திரேலியா வகுத்த தேசியத் தரம்தான் 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 15489 என்ற உலகத் தரத்துக்கு அடிப்படையானது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்த நாட்டில் இந்தக் கேள்விகள் எவ்வளவு சூடாக இருந்தன என்பது புரியும்.

சட்டங்களும் மாறின. குயின்ஸ்லாந்தில் 2002இல் பொது ஆவணங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 129ஆம் பிரிவின் உச்சத் தண்டனை மூன்று ஆண்டிலிருந்து ஏழாக உயர்ந்தது. இன்னொரு ஆஸ்திரேலிய மாநிலமான விக்டோரியாவில் ஒரு புகையிலை நிறுவனம், பின்னால் வழக்கு வரும் என்று எதிர்பார்த்தே ஆவணங்களை அழித்ததாக 2002இல் பெரிய சர்ச்சை எழுந்தது. வழக்கு இன்னும் தொடங்காவிட்டாலும், வரக்கூடும் என்று தெரிந்து ஆவணத்தை அழிப்பது குற்றம் என்று 2006இல் விக்டோரியா வெளிப்படையாகவே சட்டம் இயற்றியது. "தேவைப்படக்கூடிய" என்ற அந்த ஒற்றைச் சொல்லை இனி யாரும் சுருக்கிப் படிக்க முடியாதபடி விரித்து எழுதிவிட்டார்கள்.

பெட்டிக்குள் என்ன இருந்தது

2001இல் பத்திரிகைகள் ஒரு பழைய கொடுமையை வெளியே கொண்டுவந்தன. 1988இல் அந்த மையத்திலிருந்து வெளியே அழைத்துச் சென்ற ஒரு சுற்றுலாவின்போது, 14 வயதுப் பழங்குடிச் சிறுமி ஒருத்தி உடன்வந்த சிறுவர்களால் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தாள். அப்போது யார்மேலும் வழக்கு இல்லை. 2010இல், அவள் வளர்ந்து பெண்ணான பிறகு, மாநில அரசு அவளுக்கு 1,40,000 டாலர் இழப்பீடு கொடுத்தது.

ஹைனரிடம் பேசிய ஊழியர்கள் இதைச் சொன்னார்களா? சொன்னார்கள் என்று நம்புகிறவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. ஒலிநாடா இருந்தால் ஒரு மதியத்தில் கேட்டு முடிவு சொல்லிவிடலாம். அரசு குற்றமற்றது என்றாலும் அந்த நாடாதான் அதை நிரூபித்திருக்கும்.

2012இல் குயின்ஸ்லாந்து அரசு, சிறார் பாதுகாப்பு பற்றி டிம் கார்மடி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தபோது, இந்தப் பழைய கணக்கும் அதன் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. கிரௌன் சொலிசிட்டரின் கருத்துரைகளும் அமைச்சரவைக் காகிதங்களும் மறுபடி மேசைக்கு வந்தன. மையத்தில் வேலை பார்த்த முன்னாள் ஊழியர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஓய்வுபெற்ற நடுவரின் முன் உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்க, தாங்கள் என்ன சொன்னோம் என்று அவர்களிடம் கேட்டார்கள். நினைவில் இருந்ததை அவரவர் சொன்னார்கள்.